கற்பூர சத்தியம்

மொட்டைக் கடுதாசி எழுதியவர் ஆங்கிலத்தோடு படாதபாடு பட்டிருந்தாலும், விஷயம் தெளிவாகத்தான் இருந்தது. கல்கத்தா பெஹாலாவில் இருக்கும் நாகலட்சுமி, காணாமல் போன கணவருக்காகக் குடும்பப் பென்ஷன் வாங்கிக்கொண்டே, வேறொரு ஆளோடு குடித்தனம் நடத்துகிறாளாம்.

மறுமணம் செய்துகொண்டால் அந்தப் பென்ஷன் நின்றுவிடும். பென்ஷன் ஆபீஸிலிருந்து விசாரிக்கப் புறப்பட்ட வீரராகவனுக்கு உள்ளூர ஒரே குஷி.

அவர் கதை அப்படி. வயது வரம்பு தாண்டுவதற்குள் அடித்துப் பிடித்து அரசு வேலையில் சேர்ந்தது 2004 பிப்ரவரியில். பக்கத்து நாற்காலி பாலசுப்ரமணியன் சேர்ந்தது அதற்கு இரண்டு மாதம் முன்னால். அவனுக்குப் பழைய பென்ஷன். சாகிற வரை பாதிச் சம்பளம். நடுவில் புத்தாண்டு பிறந்து சட்டம் மாறிவிட்டதால் இவருக்குப் புதிய திட்டம்; பங்குச் சந்தை மனசு வைத்தால் ஏதோ கிடைக்கும். அடுத்த வருஷம் ஓய்வு. அந்த வயிற்றெரிச்சலில், ஊரில் யார் பென்ஷன் வாங்கினாலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

நாகலட்சுமியின் கணவர் சுந்தரராஜனும் புதிய திட்டத்து ஆள்தான். போன தை மாதம் கங்காசாகர் மேளாவில் முழுக்குப் போடப் போனவர், கூட்டத்தில் காணாமல் போய்விட்டார். வேலையில் இருக்கும்போது ஆள் இறந்தாலோ தொலைந்தாலோ குடும்பத்துக்குப் பழைய திட்டப்படியே பென்ஷன். உயிரோடு ஓய்வு பெறுகிறவனுக்கு அரைவயிற்றுக் கஞ்சி, ஆளே இல்லாதவன் வீட்டுக்குத் தலைவாழை இலைச் சாப்பாடு. என்ன நியாயமோ என்று முணுமுணுத்தபடி வீரராகவன் மாடி ஏறினார்.

கதவைத் திறந்த நாகலட்சுமியின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. சுவரில் கொழுகொழு கன்னமும் அடர்ந்த கிராப்புமாகச் சுந்தரராஜனின் படம். அதற்கு மாலை இல்லை.

"காணாமப் போனவருக்கு யாராவது மாலை போடுவாளா சார்?" என்றாள். அதுவும் சரிதான்.

மேஜையில் இரண்டு டம்ளர் காபி ஆவி பறந்தது. உள்ளேயிருந்து மொட்டைத் தலையும் நீளத் தாடியுமாக ஓர் ஒல்லி மனிதர் வந்து, "நமோஷ்கார்" என்று கும்பிட்டார். பெயர் ரஞ்சன் கோஷால், பேயிங் கெஸ்ட், தனியாக இருக்கப் பயமாக இருந்ததால் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருப்பதாக நாகலட்சுமி சொன்னாள்.

கோஷால் பாபு ஒரு டம்ளரை எடுத்தார். அண்ணாந்து, உதட்டில் படாமல், சொட்டுக்கூடச் சிந்தாமல் காபியைத் தொண்டையில் சரித்துக்கொண்டார்.

வீரராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்கத்தாவில் இத்தனை வருஷத்தில் காபியைத் தூக்கிக் குடிக்கிற வங்காளியை அவர் பார்த்ததே இல்லை. ஆள் நம்மவன். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"மாமி, எங்கிட்ட மறைக்காதேள். இவரைக் கல்யாணம் பண்ணிண்டிருக்கேள். பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

நாகலட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில்தான். பூஜை அலமாரிக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். அது கொழுந்துவிட்டு எரிந்ததும் வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"என் கழுத்துல ஏறினது ஒரே தாலி. கட்டினவர் ஒருத்தர்தான். அவரைத் தவிர இன்னொருத்தரோட நான் குடித்தனம் பண்ணலை. இது சத்தியம்."

"ஐயோ, கை சுட்டுடுத்தா?" என்று நல்ல தமிழில் பதறி ஓடிவந்தார் கோஷால் பாபு. அவள் கையைப் பிடித்து ஊதினார். பிறகுதான் தான் வங்காளி என்பது ஞாபகம் வந்து, அசடு வழிய நின்றார்.

வீரராகவனுக்குத் தலை சுற்றியது. பிறகு எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அந்த அம்மாள் முகம் பொய்ச் சத்தியம் செய்கிற முகமில்லை. அந்த ஆள் கையைப் பிடித்து ஊதியதும் வாடகைக்கு இருக்கிறவன் ஊதுகிற ஊதல் இல்லை.

பாதிப் படியில் பொறி தட்டியது. தாலி கட்டியவர் ஒருவர்தான். தொலைந்து போன அந்தச் சுந்தரராஜன்தான் மேலே மொட்டையும் தாடியுமாக நிற்கிறார்.

திரும்பி ஏறினால் போதும், இரண்டு பேரும் கம்பி எண்ணுவார்கள். வீரராகவன் ஏறத்தான் திரும்பினார். ஏனோ பாலசுப்ரமணியனின் சிரித்த முகம் கண்முன் வந்தது. படியிலேயே உட்கார்ந்தார். பிறகு ஃபைலைப் பிரித்து, 'மறுமணம் நடக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அப்படியே டாக்குரியா வீட்டில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார்.

"சாதனா, வர தைக்கு நாம கங்காசாகர் போறோம். போறதுக்கு ரெண்டு டிக்கெட் போடு. திரும்பி வர ஒண்ணு போதும்."