பூக்காத கொன்றை

"இந்த மரத்துக்கு யாரும்மா தண்ணி ஊத்துறது?"

நர்சரிக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொன்றையின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார். உருண்டை உதிராமல் கையிலேயே நின்றது.

"நான் ஊத்தலை," என்றார் மாமியார்.

"நானும் இல்லை," என்றாள் மருமகள். பல் டாக்டர். சனிக்கிழமை என்பதால் கிளினிக்கிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள்.

ஈஸிசேரில் இருந்த மாமனார் பேப்பரை இறக்கவே இல்லை. "என்னைப் பார்க்காதீங்க. நான் குடிக்கிற தண்ணியையே இன்னொருத்தர்தான் எடுத்துத் தர்றாங்க."

அதுவும் உண்மைதான்.

"அப்ப தண்ணி தானா நடந்து வந்துச்சா?" நர்சரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "கொன்றை கொஞ்சம் காயணும்மா. வெயில் காலத்துல வேர் வறண்டு இலை கொட்டினாத்தான் கொத்துக் கொத்தா பூ தள்ளும். இப்படி நித்தம் ஊத்தினா, இலையா விட்டுக்கிட்டு ஜாலியா நிக்கும். போன வருஷமும் இதைத்தான் சொன்னேன். அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன்."

அந்த வீட்டில் அந்த மரம் பூப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி வந்த வாரமே மருமகள் நட்ட கன்று அது. மகன் தன் ஆபீஸுக்குப் பக்கத்தில் வாங்கிய ஃபிளாட் மூன்று வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. கிளம்பலாம் என்று அவன் பேச்செடுக்கும் போதெல்லாம், "நான் வெச்ச மரம். ஒரு பூவாவது பார்த்துட்டுத்தான் வருவேன்," என்பாள். பூத்த மறுநாளே லாரி சொல்லிவிடுவேன் என்று அவனும் முடிவாகச் சொல்லிவிட்டான். ஆக, மொட்டு விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சீக்கிரம் பூத்துத் தொலையட்டும்ப்பா," என்றார் மாமியார். "எனக்கும் ஒரு விடிவுகாலம் வேண்டாமா? இந்த டாக்டரம்மாவை வெச்சுக்கிட்டு ஒரு பிஸ்கட்டை நிம்மதியா தின்ன முடியலை. வாயைத் திறங்கன்னு டார்ச்சோட வந்து நிக்குறா."

"ஒண்ணு ரெண்டு தின்னா நான் ஏன் வரேன்? டப்பாவே காலியாகுது, அத்தை."

"எண்ணி வேற வெச்சிருக்கா பாருங்க."

"உங்க பல்லையும்தான் எண்ணி வெச்சிருக்கேன். அதுல ஒண்ணு குறைஞ்சா யார் பொறுப்பு?"

நர்சரிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் மட்டும் சிரிக்கவில்லை. ஃபிளாட் சாவியை விரலில் சுழற்றியபடி படியில் நின்றுகொண்டிருந்தான். "இந்த வருஷமாவது பூக்குமா, அண்ணே?"

"ரெண்டு மாசம் ஒரு சொட்டு படக்கூடாது. அப்புறம் பூக்கலைன்னா என்னை வந்து கேளுங்க."

மாமியார் விறுவிறுவென்று போய்த் தோட்டத்து ஹோஸ் பைப்பைச் சுருட்டி, ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இனிமே யார் ஊத்துறாங்கன்னு நானும் பார்த்துடறேன்."

"சரியான வேலை பண்ணீங்க, அத்தை," என்றாள் மருமகள்.

மறுநாள் ஞாயிறு. பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. மாமியார் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மெதுவாகத்தான் விலக்கினார். அந்தப் பாழாய்ப் போனது ஊருக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிட்டது. யாரும் வரவில்லை. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்.

மூன்று வருஷமாக அவர் ஊற்றுவது மத்தியானத்தில்தான். மகனும் மருமகளும் வேலையில் இருப்பார்கள், வீட்டுக்காரர் குறட்டையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் என்பதால் விட்டுவிடுவார். இன்று விட மனசு வரவில்லை. இரண்டு மாசம் என்று அந்த மனுஷன் நாள் குறித்துவிட்டுப் போன பிறகு ராத்திரி பூரா தூக்கமே இல்லை. அவள் இல்லாத வீட்டில் டப்பா நிறைய பிஸ்கட் இருந்து என்ன பிரயோஜனம்?

மரத்தடியில் கால் வைத்தவர் வழுக்கி விழப் பார்த்தார். தரை ஏற்கெனவே சொதசொதவென்று நனைந்திருந்தது. ஒரு காலி வாளி சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், சேற்றில் புதைந்து, ஓடுகிற அவசரத்தில் விட்டுப்போன ஒற்றை நீலச் செருப்பு. போன மாசம் மருமகளுக்கு அளவு பார்த்து இவரே வாங்கிக் கொடுத்தது.

மாமியார் அதைப் பிடுங்கிக் குழாயடியில் கழுவி, பக்கவாசலில் கிடந்த இன்னொரு செருப்போடு ஜோடியாக வைத்தார். பிறகு திரும்பி வந்து, தன்னுடைய வாளியையும் மரத்தடியில் கவிழ்த்தார்.