ஒரு அவசரம் உண்டு

"பென்னி, அந்தப் பாட்ட நிப்பாட்டுப்பா!"

பாண்டீஸ்வரன் போட்ட சத்தத்தில் ஜீப்பின் பின்சீட்டில் தூங்கி வழிந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். டிரைவர் பென்னி பதறிப்போய்ப் பாட்டை அணைத்தான்.

"எந்தா சேட்டா? நல்ல பாட்டல்லே? புதிய படம். எல்லா வண்டியிலும் இதுதான் ஓடுது."

"நல்ல பாட்டுதான். அதான் நிப்பாட்டச் சொல்லுதேன்."

உடும்பஞ்சோலையிலிருந்து நெடுங்கண்டம் சந்தைக்குப் போகிற ஜீப் அது. முன்சீட்டில் பாண்டீஸ்வரன். அவனை ஒட்டி, மடியில் கைக்குழந்தையோடு அவன் மனைவி முருகேஸ்வரி. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது எம் பொண்டாட்டி பாட வேண்டிய பாட்டு, தெரியுமா?"

பென்னி நம்பாமல் திரும்பிப் பார்த்தான். பாண்டீஸ்வரன் விடுவானா? கதையை ஆரம்பித்துவிட்டான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் படம் பிடிக்க வந்தார்கள். மலையாளப் படம்தான். ஆனால் ஏலக்காய் பறிக்கிற பெண்கள் பாடுவதுபோல ஒரு தமிழ்ப் பாட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது. முருகேஸ்வரி செடிக்கடியில் குனிந்து காய் பறித்தபடியே பாடியதை இசையமைப்பாளர் நின்று கேட்டார். செல்போனில் பதிவு செய்துகொண்டார். கூப்பிடுகிறோம் என்று நம்பர் கேட்டார். அவளிடம் அப்போது போன் இல்லை. புருஷன் நம்பரைக் கொடுத்தாள்.

"பின்னே?" என்றான் பென்னி.

"பின்ன என்ன, இவள எடுக்கலியாம். அன்னைக்கு வாய மூடுனவதான். காயெடுக்கப் போனா பாட மாட்டேங்கா. எங்கக்கா மக சடங்குல ஒரு குலவை போடச் சொன்னா, தொண்டை கட்டியிருக்குங்கா. மடியில கெடக்க புள்ளைக்கு ஒரு தாலாட்டுகூட இல்லப்பா."

சங்கரன்கோவில் பக்கம் ஒரு முளைப்பாரித் திருவிழாவுக்கு எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த அவள் பாடியதைக் கேட்டுத்தான் பாண்டீஸ்வரன் பெண் கேட்டான். அந்தக் குரலுக்காகவே ஊரை விட்டு மலையேறி வந்தவன். வந்து மூன்று வருஷமாகியும் அவனுடைய மலையாளம் 'எந்தா, ஒண்ணுமில்லா'வைத் தாண்டவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் அவனோடு காய் உலர்த்துகிறவர்கள் எல்லாரும் தமிழ் ஆட்கள். அங்கே மலையாளத்துக்கு என்ன வேலை?

"உங் கொரலுக்கு என்ன கொறச்சல் முருகேசு? அவனுவளுக்குத்தான் காது கேக்கல," என்றான் நூறாவது தடவையாக.

"விடுங்க. நான் அந்த அளவுக்குப் பாடல போல," என்றாள் அவளும் நூறாவது தடவையாக.

பென்னிக்கு மனசு கேட்கவில்லை. "விஷமிக்கண்டா சேச்சி, வருத்தப்படாதீங்க. இனியும் ஒரு அவசரம் வரும்."

"பென்னி, நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள் முருகேஸ்வரி சட்டென்று.

பாண்டீஸ்வரன் சிரித்துவிட்டான். "இன்னும் ஒரு அவசரமா? இப்ப இருக்க அவசரம் பத்தாதாக்கும்?"

பென்னியும் சிரித்தான். "ஐயோ சேட்டா, நீங்க சொல்ற அவசரமில்ல. மலையாளத்தில் அவசரம்னு பறஞ்சா சான்ஸ்! வாய்ப்பு!"

பாண்டீஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

படக்காரர்கள் வந்துபோன கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை. அவன் ஸ்டோரில் இருந்தபோது போன் வந்தது. பெண் குரல், வேகமான மலையாளம். அவனுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: "முருகேஸ்வரிக்கு ஒரு அவசரம் உண்டு. ஞாயறாழ்ச்ச வரணும்." எஸ்டேட் ஆபீசிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நினைத்தான். ஆறு நாளும் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறாள், ஏழாம் நாளும் அவசர வேலையா என்று அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அவளுக்கு எந்த அவசரமும் வேண்டாம்!" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

மலையாளமே தெரியாதவன் அன்றைக்கு ஒரு மலையாளிக்குத் தெள்ளத் தெளிவாகப் புரிகிற மாதிரி பேசியிருக்கிறான்.

சந்தையில் இறங்கியதும் கடை ஓரமாக அவளை நிறுத்தினான். கண் கலங்கிவிட்டது.

"முருகேசு, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அவங்க கூப்பிட்டிருக்காங்க. நாந்தான், விவரங்கெட்ட பய, வேலைக்குன்னு நெனச்சு..."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"மறுநா சாயங்காலம் காப்பி குடிக்கையில நீங்களே பெருமையா சொன்னீகளே, எந்த அவசரமும் வேண்டாம்னு மூஞ்சில அடிச்சாப்பல சொல்லிட்டேன்னு. நான் மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. திங்கக்கெழமையே ஒங்க போன்லருந்து கூப்பிட்டுக் கேட்டேன். வேற ஒரு பொண்ண வச்சுப் பாடி முடிச்சிட்டாகளாம்."

"அந்தக் கோவத்துலதான் பாடுறத விட்டியா?"

"கோவமா? எனக்காகத்தான சண்ட போட்டீக?" முருகேஸ்வரி தோளில் கிடந்த குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நான் வாயத் தொறந்து பாடுனா, கேக்குற மலையாளத்து ஆளுக, 'இவளுக்கு ஒரு அவசரம் கிட்டணும்'னு ஒங்க காதுபடச் சொல்லிருவாக. அதுக்குப் பயந்துதான் பாடல."