பிளேன் ஏறாத தம்பி

"எங்கயடா நிக்கிறாய்?"

றஞ்சிதம் ரெலிபோனுக்குள் கத்தினாள்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பஸ்ரியன் சொன்னான்.

"அக்கா, நான் வரேல்லை."



தாய் செத்து இன்றைக்கு மூன்றாம் நாள். முதல் நாளே நோர்வேயிலிருந்து ரெலிபோன் எடுத்து, "வைச்சிருங்கோ, வாறன்" என்று சொன்னவன் அவன்தான். அந்த ஒரு சொல்லுக்காக மீன்வாடியில் ஐஸ் வாங்கிச் சவத்தைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். இனியும் வைக்கேலாது. நாலு மணிக்குப் பங்குச் சுவாமி பூசைக்கு வருவார். பெட்டி மூட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கிறகரியின் ரெலிபோன் கடைக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னது. மன்னார் உப்புக்குளத்து ஒழுங்கையால் செருப்பும் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"வரேல்லை எண்டால்?"

"ரிக்கற் எடுக்கப் போனனான், அக்கா. மனம் கேக்கேல்லை. ஒருக்காப் பிளேனில வந்து போனால், அங்க ஒரு வீட்டுச் சனம் முழுக்க வருசம் பூரா விடுற புகையை நான் ஒருத்தனே விட்டதாப் போகும். உலகம் சூடாகுது. ஆராவது ஒருத்தர் நிப்பாட்டத்தானே வேணும்?"

பாடமாக்கியதை ஒப்புவிக்கிறவன் போலச் சொன்னான்.

அவளுக்கு இது புதிதில்லை. அங்கே போய்ப் பதினொரு வருசத்தில் பஸ்ரியன் அப்படித்தான் ஆகியிருந்தான். காரை விற்றுவிட்டான். பனியிலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறானாம். எப்போது எடுத்தாலும் காரின் புகை இவ்வளவு, பிளேனின் புகை அவ்வளவு என்று தாய்க்குக் கணக்குச் சொல்வான். ஒன்றும் விளங்காவிட்டாலும் தாய், "ஓம் ராசா, ஓம் ராசா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தத் தாய்க்கா இப்போது புகைக் கணக்கு?

"கேளடா," என்றாள். "பாதையால லொறி விடாம ரெண்டு கிழமை. தீவில ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. அம்மாவைச் சைக்கிளில இருத்தி, நான்தான் ஆசுப்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனனான். பாதி வழியிலயே தலை சாஞ்சிட்டுது. புகை ஒண்டும் வரேல்லை. உன்ர உலகத்துக்கு ஒரு கெடுதியும் செய்யாமத்தான் அம்மா செத்தவ. சந்தோசமோ?"



கிறகரி மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான். சுவரோர வாங்குப் பலகையில் இருந்தவன் மட்டும் அசையவில்லை. சிவில் உடுப்பு, காலில் ஆமிச் சப்பாத்து. ஒரு மாதமாகக் கடை திறந்ததும் வந்து குந்துவான். சிங்களப் பேப்பர் படிப்பான். அவனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று ஊருக்கே தெரியும்.

றஞ்சிதத்துக்கு அவனும் ஒரு பொருட்டாகப் படவில்லை.

"நீ மனிசனில்லை. உனக்கு அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. நாளைக்கு நீ செத்தாலும் இங்க ஆரும் அழமாட்டினம். கோதாரியில போவானே!"

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

அப்போதுதான் தம்பியின் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. கரகரத்த ஆண் குரல், ஒரே மூச்சில்.

"அனுராதபுர மதவாச்சி, மதவாச்சி, மதவாச்சி!"

அதைத் தொடர்ந்து பஸ் ஹோர்ன். இரண்டு தரம்.

றஞ்சிதம் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

அந்தக் கூப்பாடு அவளுக்குத் தெரியும். கொழும்புக்குப் போய்வந்த மன்னார்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். கோட்டை பஸ் நிலையத்தில் கொண்டக்டர்மார் காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவது அது. நோர்வேயில் மதவாச்சிக்கு பஸ் இல்லை.

மன்னார்ப் பாதையில், மதவாச்சிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எல்லாரையும் இறக்குவார்கள். பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், கையிலிருக்கும் படங்களோடு முகத்தை ஒத்துப் பார்ப்பார்கள். அதுக்குப் பயந்துதான், வந்தவன் கொழும்போடு நிற்கிறான். போன மாதம் ஆமி வீட்டுக்கு வந்து, சுவரில் கிடந்த பஸ்ரியனின் படத்தைக் கழற்றிக்கொண்டு போனது. ஏனென்று சொல்லவில்லை. ரெலிபோனில் சொல்லப் பயந்து அவளும் அதை அவனுக்குச் சொல்லவில்லை.

வாங்கில் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

"தம்பி," என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நீ சொன்னதுதான் சரி. பிளேன் கூடாது. ஏறாதை."

"அக்கா..."

"ஏறாதை எண்டுறன். அம்மாவுக்கும் அது விருப்பமில்லை. நோர்வேயை விட்டு அசையாதை. விளங்குதோ?"

மறுமுனையில் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது.

"அம்மாவின்ர முகம்..."

"நல்லா இருக்கு. நித்திரை மாதிரி. வை."

அவளே வைத்துவிட்டாள்.

கிறகரி மெல்ல நிமிர்ந்தான். "தம்பி வாறாரோ?"

"அவன் எங்க வாறது!" என்றாள், வாங்கு வரைக்கும் கேட்கும்படி. "நோர்வேயில இருந்து பிளேன் ஏறினால் உலகம் சூடாகிப் போகுமாம். நாய்."

வாசலில் காறித் துப்பிவிட்டு இறங்கி நடந்தாள்.

அன்று ஐந்தரைக்குச் சவக்காலையில், மண் போட வந்த சனமெல்லாம் பஸ்ரியனைத் திட்டியது. எல்லாரையும் விட உரத்துத் திட்டியது றஞ்சிதம்தான்.