ஏழு மணி ரேடியோ

"ஏண்ணே, ஒரு பொம்பளை நம்பி வந்தா இப்பிடியா குப்பையத் தலையில கட்டுவீங்க?"

அழகுபாண்டி கையிலிருந்த சின்ன ரேடியோவைக் கடை மேஜைமேல் டொக்கென்று வைத்தான். கடைக்காரர் ஜெயராம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பின்னால் அவன் மனைவி முத்துச்செல்வி, அழுது வீங்கிய கண்ணோடு நின்றாள்.

அவன் கோபப்பட்டதில் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள்.

முத்துச்செல்விக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை. வெளிநாட்டிலிருந்து சிற்றலையில் வரும் தமிழ் ஒலிபரப்பை ரேடியோவில் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. சிற்றலை நேயர் மன்றத் தலைவர் சிவசங்கரனைத் தேடிப் போய், புதுசாகக் கேட்பவர்கள் எந்த செட் வாங்கலாம் என்று விசாரித்தாள். அவர் இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. கடல் தாண்டி வருகிற சத்தம் மலிவுப் பெட்டியில் எல்லாம் விழாது என்றுவிட்டார்.

ஜெயராமோ, ஆரம்பத்துக்கு இது போதும் என்று ரெண்டாயிரத்துக்குள் இந்தச் சின்ன செட்டைக் கொடுத்தார். ஆன்டெனாவாக மாடிக்கு இழுத்துக் கட்டக் கொஞ்சம் வயரும் சும்மாவே கொடுத்தார்.

சில மாதம் நன்றாகத்தான் கேட்டது. அவள் அந்த வெளிநாட்டு நிலையத்துக்கு ஒரு கடிதமும் போட்டாள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வாசிக்கிறோம் என்று பதில் வர, தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அழகுபாண்டி எல்லோருக்கும் காபி வாங்கி வந்தான்.

ஏழு மணிக்கு ரேடியோ 'உஸ்ஸ்' என்றது. ஏழரைக்கும் அதே உஸ்ஸ். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள்.

சிவசங்கரனுக்குப் போன் செய்தால், "என் செட்டுல கணீர்னு கேட்டுச்சேம்மா. முதல் கடிதமே உன்னோடதுதான். மலிவு செட் வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

ஊர் உலகமெல்லாம் கேட்ட தன் பெயரைத் தான் மட்டும் கேட்கவில்லையே என்று அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். விடிந்ததும் அழகுபாண்டி அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான்.

ஜெயராம் ரேடியோவைத் திருகினார். ஏதேதோ பாஷைகள் பேசின.

"செட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி."

"அப்ப அவருக்கு மட்டும் எப்பிடிண்ணே கேட்டுச்சு?"

ஜெயராம் ரேடியோவை அணைத்து வைத்தார். வேண்டாமென்றால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கல்லாவைத் திறந்தார். அழகுபாண்டிக்கு அது போதவில்லை. "இது குப்பைன்னு சிவசங்கரன் சார் வாயாலயே சொல்ல வச்சுட்டு வாரேன். அப்புறம் குடுங்க" என்று ரேடியோவை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அன்று சாயங்காலம் இருவரும் பழங்காநத்தத்தில் சிவசங்கரன் வீட்டுக்குப் போனார்கள். முன்னறைச் சுவர் முழுக்க வண்ண அட்டைகள். தங்கள் ஒலிபரப்பை ரேடியோவில் கேட்டு எழுதியதற்கு நன்றி சொல்லிப் பல நாட்டு நிலையங்கள் அனுப்பியவை. மேஜைமேல் துணி போர்த்திய பெரிய செட்.

சிவசங்கரன் சின்ன ரேடியோவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம் என்றார். இல்லாதவர்களை ஏமாற்றும் கடைக்காரர்களைக் கம்பி எண்ண வைக்க வேண்டும் என்றார். தன்னிடம் பழைய செட் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாயிரம்தான், மாசா மாசம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். முத்துச்செல்வி கழுத்துச் சங்கிலியைத் தடவியபடி தலையாட்டினாள்.

மணி ஏழாகப் போனது.

"சார், உங்க செட்டையும் இதையும் பக்கத்துல வச்சுப் போடுங்க. போன்ல படம் பிடிச்சு அந்தாளுக்குக் காட்டணும்" என்றான் அழகுபாண்டி.

ஆன்டெனாவை இன்று காலையில்தான் கழற்றி வைத்ததாகச் சிவசங்கரன் சொன்னார். சரி, குப்பையின் லட்சணத்தையாவது பிடிப்போம் என்று அழகுபாண்டி சின்ன ரேடியோவை ஜன்னலில் வைத்துத் திருகினான்.

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது.

"நேயர்களே, மன்னிக்கவும். ஒலிபரப்புக் கருவி பழுதானதால் நேற்று நம் நிகழ்ச்சி சிற்றலையில் எங்குமே கேட்கவில்லை. இணையத்தில் மட்டுமே வந்தது. ரேடியோவில் காத்திருந்தவர்களுக்காக, நேற்றைய கடிதங்களை இப்போது மறுபடியும் வாசிக்கிறோம்."

அழகுபாண்டி சிவசங்கரனைப் பார்த்தான். சிவசங்கரன் துணி போர்த்திய செட்டைப் பார்த்தார்.

"மதுரையிலிருந்து முத்துச்செல்வி எழுதுகிறார்..."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து, சிவசங்கரனின் மனைவி நாகலக்ஷ்மி அவருடைய செல்போனோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"என்னங்க, ஏழு மணியாச்சு. தினமும் கேக்குற ரேடியோவை இன்னைக்கு உள்ளயே விட்டுட்டு வந்துட்டீங்களே. நானே போட்டுட்டேன்."

ஜன்னலில் இருந்த குப்பை, முத்துச்செல்வியின் கடிதத்தைப் பாதி வாசித்திருந்தது. இணையம் வழியாகக் கொஞ்சம் பிந்தி வருகிற செல்போன், சிவசங்கரன் கையில் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.