வெளியே போகும் வழி

ஃபிரிட்ஜ் மெக்கானிக் அந்த இணையக் குழுவில் சேர்ந்ததே ஒரு பழைய கம்ப்ரசரைப் பற்றிக் கேட்கத்தான். பதில் முதல் நாளே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் குழுவிலிருந்து தினம் முந்நூறு மின்னஞ்சல் வந்து குவிந்ததுதான் தலைவலி. அந்தக் குவியலில் ஒரு ஹோட்டல்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு அழைத்து அனுப்பிய மின்னஞ்சல் புதைந்துபோக, வேலை வேறு கடைக்குப் போய்விட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். முதல்ல அதுலேர்ந்து வெளிய வாங்க," என்றாள் மனைவி.

"வழி தெரிஞ்சா வர மாட்டேனா?"

'குழுவிலிருந்து விலகுவது எப்படி?' என்று குழுவிலேயே கேட்டார்.

"தலைப்பு எங்கே?" என்றார் ஒருவர். "வணக்கம்கூடச் சொல்லத் தெரியாதா?" என்றார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்து மறுபடி கேட்டார். குழுத் தலைவர் 'கம்ப்ரசர் சக்கரவர்த்தி' என்ற பட்டப்பெயரோடு வந்து இறங்கினார்.

"புதியவர்கள் பழைய பதிவுகளைப் படித்துவிட்டே கேள்வி கேட்க வேண்டும். இது சந்தைக்கடை அல்ல!"

பழைய பதிவுகள் நாற்பதாயிரம் இருந்தன.

"படிச்சு முடிக்கறதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்துடுவான்," என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்குப் பொறுமை போயிற்று. சக்கரவர்த்திக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் தட்டினார்: "ஐயா, வெளிய போற வழியைச் சொல்லித் தொலைங்க!"

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நானும் ஒம்பது வருஷமா அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். நான் பல் டாக்டர். ஃபிரிட்ஜைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. ரொம்ப நாளா இருக்கேன்னு தலைவராக்கிட்டாங்க. வழி கிடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க!"