மகனுக்குப் பதிலாக ஒரு மொட்டை

"பெத்தவ பெட்டிக்குள்ள கிடக்கா. புள்ளை ஜெர்மனியில உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டிருக்கான்!"

எல்லை ஆற்றங்கரைக் கோயிலின் சமையற்கூடத்தில் பப்பாளிக்காயைச் சீவியபடி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள் லம்துவான்.

"மெதுவாக்கா," என்றாள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த ப்ளோய். செத்துப்போன ராம்பாய்க்கு அடுத்த வீட்டுக்காரி. ராம்பாயின் மகன் தனாவுத், செல்லமாக வுத், இவள் தூக்கி வளர்த்த பையன். "அவன் வந்தா பட்டாளத்துக்குப் பிடிச்சுக்குவாங்க. பட்டாளக் குலுக்கல்ல சீட்டு எடுக்க வரச் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. படிக்கிறேன்னு ஒத்திவைப்புக் கேட்டான். அது கிடைக்கலைன்னு அவனே என்கிட்ட அழுதான். கால் வச்சா நேரா ஜெயில்தான்."

"ஏன், எம் பையன் சீட்டு எடுக்கலை? பட்டாளத்துக்குப் போகணும்ங்கிற சிவப்புச் சீட்டு வந்துச்சு, போனான், ரெண்டு வருஷம் அடியும் மிதியும் பட்டான். செத்தா போயிட்டான்? ஜெயிலுக்குப் போனா என்ன, அம்மாவை விட அது பெருசா? ஆஸ்பத்திரியில ஊசி போட வர்ற நர்ஸையெல்லாம் 'வுத், வந்துட்டியா'ன்னு கேட்டாளே, அந்தப் பாவம் சும்மா விடுமா?"

ப்ளோய் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"மனுஷன்னா அதோ, அவரு."

லம்துவான் கத்தியால் காட்டிய பக்கம் பௌத்தத் துறவிகள் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்தவர் சூச்சாட், ராம்பாயின் தம்பி. தாய் எரியும் நாளில் மகன் காவி உடுத்த வேண்டும். மகன் வராததால் ஐம்பத்தாறு வயதில் இவர் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு ஒரு நாள் துறவியாகியிருந்தார்.

"அக்கா படுத்த படுக்கையானதுல இருந்து கஞ்சி ஊத்தினாரு. அவ வயலையும் தன் வயல் மாதிரியே பார்த்துக்கிட்டாரு. இப்ப மருமகன் அடிக்க வேண்டிய மொட்டையையும் அடிச்சுக்கிட்டாரு. இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்?"

அப்போதுதான் சீருடையோடு வீரபொங் உள்ளே வந்தார். மாவட்ட அலுவலகத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதைக் கவனிப்பவர். சவப்பெட்டியின் முன் சந்தனச் சீவலில் செய்த பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் கேட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"பையன் எங்க, கண்ணுலயே படலை?"

"உங்களுக்குப் பயந்துக்கிட்டுத்தான் வரலை," என்றாள் லம்துவான்.

"எனக்கா? எனக்கு எதுக்கு பயப்படணும்? அவனுக்குத்தான் ஒத்திவைப்பு கிடைச்சாச்சே. இருபத்தாறு வயசு வரைக்கும் படிக்கலாம். தாராளமா வரலாம், போகலாம். வீட்டுக்கும் அப்பவே சொல்லி அனுப்பினேனே!"

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

"கேட்டியா?" லம்துவான் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனை நாள் அவனுக்கு வக்காலத்து வாங்கினியே, கேட்டியா? வர முடியாம இல்லை. வர மனசில்லை!"

ப்ளோய்க்கு முகம் சுண்டிவிட்டது. அன்றைக்கு அவன் அழுதானே, அதுவும் நடிப்பா?

பெட்டியைக் கோயிலின் எரிஉலைக்குள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் சூச்சாட்டின் முன் மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஆசி சொன்னார்.

ப்ளோய் மட்டும் போகவில்லை. கோயில் சுவர் ஓரமாக ஒதுங்கிப் போனை எடுத்தாள். தனாவுத் முதல் மணியிலேயே எடுத்தான்.

"உங்கம்மாவை உள்ள தள்ளியாச்சுடா! இப்பவாவது நிஜத்தைச் சொல்லு. எங்க இருக்க? எந்த பீர் கடையில?"

"மெதுவாக்கா... என் பேரைச் சொல்லிராதீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாருடா இருக்கணும்? இனிமே யாரு இருந்தா உனக்கென்ன? எங்கடா இருக்க?"

போனில் காற்று இரைந்தது.

"லாவோஸ்லக்கா. அம்மா போனதும் கிளம்பிட்டேன். நம்ம கோயிலுக்கு நேரா, ஆத்துக்கு இந்தக் கரையில நிக்கிறேன். புகைக்கூண்டு இங்கிருந்தே தெரியுது. இப்பதான் புகை வருது."

ப்ளோய் சுவருக்கு மேலாக ஆற்றின் அக்கரையைப் பார்த்தாள்.

"பாலத்துலயும் கோயில் வாசல்லயும் எனக்காகப் போலீஸ் நிக்குது, வந்துராதேன்னு சூச்சாட் மாமா காலையிலகூடச் சொன்னாரு. ஒத்திவைப்பு கிடைக்கலைங்கறதையும் அவருதானே விசாரிச்சுச் சொன்னாரு. அவங்க போயிட்டாங்களான்னு மாமாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களாக்கா?"