ஊர்த்தலைவரின் கடை

“அந்தக் கிழவன்ர கடையிலயோ பிள்ளையை விட்டிருக்கிறாய்?”

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரியிடம் கத்தீனா கேட்டாள்.

மெல்பேர்ன், பிரன்ஸ்விக்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. 1975ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த இராஜேஸ்வரிக்குத் தையல் மெஷின் பழக்கிவிட்டவள், பக்கத்து மெஷினில் இருக்கும் கிரேக்கப் பெண் கத்தீனாதான். ஐம்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாதவள். அவள் முகம் இப்படிக் கறுத்து இராஜேஸ்வரி பார்த்ததே இல்லை.

“ஓம் கத்தீனா. மகள் யோகாவுக்குப் பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விட்டிடும். நான் போய்ச் சேர ஆறாகுது. மனோலிஸின்ர கடை பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்தானே. நல்ல மனுசன். காசு குடுத்தாலும் வாங்கிறாரில்லை.”

“அவன் எங்கட ஊர்தான். கிரீட் தீவு.”

“அப்ப தெரிஞ்ச ஆளெண்டு சொல்லுங்கோ!”

“நல்லாத் தெரியும். அதாலதான் அந்தக் கடைப் பக்கமே நான் போறேல்லை. சண்டைக் காலத்தில ஜெர்மன்காரன் எங்கட நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்தவன். ஆனா ஊரை நடத்தினது ஆர் எண்டு நினைக்கிறாய்? மனோலிஸ். அவன்தான் ஊர்த்தலைவர். ஆர்ர வீட்டில கோதுமை இருக்கு, ஆர்ர கழுதையைப் பிடிக்கலாம், ஆரை வெளியூர் போக விடலாம்... ஜெர்மன்காரன் கேப்பான், இவன் செய்து குடுப்பான்.”

இராஜேஸ்வரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

“ஒருநாள், விமான நிலையம் கட்டக் கல்லுடைக்கப் பெடியள் வேணுமெண்டு வந்து நிண்டாங்கள். அவங்களுக்கு எங்கட பெடியளைத் தெரியாது. இவன் தேவாலயப் படியில ஏறி நிண்டு பேர் பேராக் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட, துவக்கைக் காட்டி லொறியில ஏத்தினாங்கள். என்ர அண்ணனையும்.”

“ஐயோ! அண்ணன் பிறகு...?”

மணி அடித்துவிட்டது. கத்தீனா எழுந்து போய் மெஷினில் குனிந்துகொண்டாள்.

அதன் பிறகு இராஜேஸ்வரியால் ஒரு கொலர்கூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகளையே பிடித்துக் கொடுத்தவன். அவனிடமா நான் என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன்?

மூன்றரை ஆனதும், பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று நினைக்கப் பொறுக்க முடியவில்லை. தலையிடி என்று ஃபோர்மனிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ட்ராமில் இடம் இருந்தும் உட்காரவில்லை. இறங்கியதும் ஓடினாள்.

கடைக்கதவு சாத்திக் கிடந்தது.

“யோகா! யோகா!” கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தாள்.

மனோலிஸ் மெல்ல நடந்து வந்து திறந்தார். “குளிர் காத்து. பிள்ளைக்குத் தும்மல். அதுதான் சாத்தினனான்.”

உள்ளே, அவருடைய பெரிய கோட்டுக்குள் புதைந்தபடி யோகா கதிரையில் இருந்தாள். “என்னம்மா, இண்டைக்கு வெள்ளென வந்திட்டீங்கள்?”

இராஜேஸ்வரி கோட்டைக் கழற்றி மேசையில் போட்டாள். மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“நாளையில இருந்து பிள்ளை வராது.”

மனோலிஸ் ஏன் என்று கேட்கவில்லை.

“கத்தீனா உங்கட ஃபக்டரியிலதானே வேலை?”

“ஓம்.”

“அவள் என்ன சொல்லியிருந்தாலும் அது உண்மைதான்.” கோட்டை எடுத்து மடித்தார்.

வீட்டில் கணவன் மகேந்திரராஜா தலையில் கை வைத்தான். “நாளைக்கு நான் லீவு போடுறன். நாளையிண்டைக்கு என்ன செய்யிறது?”

“தெரியாது. ஆனா அங்க இனி விடேலாது.”

மறுநாள் காலை, மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் இராஜேஸ்வரி சொன்னாள்:

“பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். நல்ல காலம், நீங்கள் சொன்னீங்கள்.”

நூல் கோத்துக்கொண்டிருந்த கத்தீனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “ஐயோ, நான் அப்படிச் செய்யச் சொல்லேல்லையே!”

“உங்கட அண்ணனைப் பிடிச்சுக் குடுத்த ஆளிட்ட...”

“அண்ணன் திரும்பி வந்திட்டான். போன பெடியள் எல்லாரும் வந்திட்டாங்கள். ஒருத்தன்தான் வரேல்லை. யானிஸ்.”

“அது ஆர்?”

“மனோலிஸின்ர மகன். ஒரே பிள்ளை.”

இராஜேஸ்வரி தன் கதிரையை அவள் பக்கம் இழுத்தாள்.

“பேர் தராட்டி ஊரைக் கொளுத்துவம் எண்டு ஜெர்மன்காரன் நிக்கிறான். தன்ர மகனை அந்தாள் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆரும் கேட்டிருக்க மாட்டினம். ‘மற்றத் தாய்மாரிட்டப் பிள்ளை கேக்கிறதெண்டால், முதல் என்ர பிள்ளை’ எண்டு சொல்லிப்போட்டு, யானிஸைத்தான் முதல் கூப்பிட்டது.” கத்தீனா இராஜேஸ்வரியின் தோளைத் தொட்டாள். “பிள்ளையைத் திரும்பவும் அங்கயே விடு. அந்தாளை நம்பலாம்.”

“இவ்வளவும் தெரிஞ்சும், நீங்கள் மட்டும் ஏன் அந்தப் பக்கம் போறேல்லை?”

கத்தீனா மறுபடி நூலை எடுத்தாள். ஊசிக் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்:

“லொறி வந்ததுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யானிஸுக்கும் எனக்கும் கலியாணம் நடக்க இருந்தது.”